பேச்சுக்குப் போட்ட கம்பியில் கணக்கு ஓடிய கதை



ஒரு புதிரோடு தொடங்குவோம். ஆண்டு 1995 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சென்னையில், கிளை அலுவலகம் திருநெல்வேலியில். நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம். சென்னையில் 30 கணினிகள் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. திருநெல்வேலியில் 5 கணினிகள். அவையும் தங்களுக்குள் இணைந்திருக்கின்றன. கிளையின் விற்பனைக் கணக்கு அன்றன்றைக்கே சென்னைக் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். சென்னையிலுள்ள சரக்கு இருப்புப் பட்டியலைத் திருநெல்வேலியில் உட்கார்ந்தபடியே திறந்து பார்க்கவும் வேண்டும்.

வைஃபை கிடையாது, பிராட்பேண்ட் கிடையாது. இரண்டு அலுவலகத்திலும் மேசைமேல் ஒரு சாதாரண டெலிபோன் இருக்கிறது. சுவரிலிருந்து அதற்கு இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள் வருகின்றன. அவ்வளவுதான்.

அந்தக் கம்பியே போதும் என்று பொறியாளர்கள் செய்து காட்டினார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் அந்தக் காலத்தில் இப்படித்தான் இணைந்தன. அது எப்படி முடிந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

கம்பியின் குணம்

டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். நல்ல காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சு புரிவதற்கு இத்தனையும் தேவைப்படாது. அதனால் அழைப்புகளை இணைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டும் போக விட்டு, மிச்சத்தை வடிகட்டிவிடுவார்கள்.

லேண்ட்லைனில் ஒருவர் 'ஸ' என்கிறாரா, 'ஃப' என்கிறாரா என்று சட்டென்று பிடிபடாது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் மெல்லிய சீறல் பெரும்பாலும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வடிகட்டி அதை நிறுத்திவிடுகிறது.

கணினிக்குத் தெரிந்தவை 0, 1 இரண்டுதான். அலுவலகக் கேபிளில் அது மின்னழுத்தத்தைச் சடசடவென்று ஏற்றி இறக்கி இவற்றைச் சொல்லும். அந்தத் துடிப்புகளை அப்படியே டெலிபோன் லைனில் விட்டால் எக்ஸ்சேஞ்சைத் தாண்டாது. பேச்சுக்கென்று அமைத்த கருவிகள் அவற்றை உருக்குலைத்துவிடும். ஆகவே கணினி சொல்வதை ஒலியாக மாற்றியாக வேண்டும். அதுவும் 300-க்கும் 3,400-க்கும் நடுவில் அடங்கும் ஒலியாக.

விசிலடிக்கும் பெட்டி

இந்த மாற்றத்தைச் செய்யும் கருவிதான் மோடம். 1962-ல் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 'பெல் 103' என்ற மோடத்தைக் கொண்டுவந்தது. அழைக்கும் பக்கத்து மோடம் 0-வுக்கு 1,070 ஹெர்ட்ஸ் ஒலியும், 1-க்கு 1,270 ஹெர்ட்ஸ் ஒலியும் எழுப்பும். பதில் சொல்லும் பக்கம் 0-வுக்கு 2,025, 1-க்கு 2,225. நான்கும் வெவ்வேறு சுருதி என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், குழப்பம் வராது.

0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்துக்குப் பெயர் பிட். பெல் 103-இன் வேகம் விநாடிக்கு 300 பிட். ஓர் ஆங்கில எழுத்தை அனுப்ப, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து 10 பிட் ஆகும். அப்படியானால் விநாடிக்கு 30 எழுத்து. 1,800 எழுத்துள்ள ஒரு பக்கம் போய்ச்சேர ஒரு நிமிடம் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் அலுவலகக் கணக்கு என்றைக்குப் போய்ச் சேரும்?

ஒரு குறியில் நான்கு பிட்

விசிலை இன்னும் வேகமாக மாற்றி மாற்றி அடித்தால் என்ன என்று தோன்றும். குறுகிய ஒலிப்பட்டையில் விநாடிக்கு இத்தனை முறைதான் ஒலியை மாற்றலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதை மீறினால் ஒரு குறியின் வால் அடுத்த குறியின்மேல் விழுந்து இரண்டும் கலங்கிவிடும். ஆனால் 1984-ல் வகுக்கப்பட்ட வி.32 என்ற சர்வதேச முறையைப் பாருங்கள். அதில் விநாடிக்கு 2,400 முறைதான் ஒலி மாறுகிறது. போய்ச்சேரும் பிட்டுகளோ 9,600!

இந்த வித்தை உங்களுக்குப் பழக்கமானதுதான். உங்கள் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் உயிர்மெய் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். 'கோ' என்ற ஒரே எழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு இரண்டு செய்தி கிடைக்கிறது: மெய் எது, உயிர் எது. வரிசை ஒன்றைச் சொல்கிறது, பத்தி இன்னொன்றைச் சொல்கிறது. 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 எழுத்து. மோடமும் இப்படி ஓர் அட்டவணை வைத்துக்கொண்டது. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகளை எடுத்தது. இரண்டாவது அலை முதல் அலையைவிடக் கால் சுற்றுப் பின்னால் வரும். ஒவ்வோர் அலைக்கும் நான்கு அளவு. முதல் அலையின் அளவு வரிசையைக் காட்டும், இரண்டாவதன் அளவு பத்தியைக் காட்டும். 4 × 4 = 16 குறிகள். 0000 முதல் 1111 வரை நான்கு பிட் சேர்க்கைகளும் சரியாக 16. ஆகவே ஒரு குறியை எழுப்பினால் நான்கு பிட் போய்விடுகிறது. 2,400 × 4 = 9,600.

அட்டவணையைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். போனார்கள். ஆனால் கரகரவென்று இரையும் லைனில் 'வலி', 'வளி', 'வழி' மூன்றும் ஒன்றாகக் கேட்பதுபோல, குறிகள் நெருங்க நெருங்க இரைச்சலில் எது எது என்று மோடத்துக்கும் புரியாமல் போகும்.

எல்லையைக் கணக்கிட்டவர்

அப்படியானால் ஒரு லைனில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்ப முடியும்? இந்தக் கேள்விக்கு 1948-லேயே விடை சொன்னவர் கிளாட் ஷானன். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கணித அறிஞர். இரண்டு விவரம் கொடுத்தால் போதும், எல்லை தெரிந்துவிடும் என்றார் அவர்: ஒலிப்பட்டையின் அகலம் எவ்வளவு? இரைச்சலைவிட நம் ஒலி எத்தனை மடங்கு வலுவானது?

நாமே போட்டுப் பார்ப்போம். அகலம் 3,400 – 300 = 3,100. நல்ல லைனில் ஒலியின் திறன் இரைச்சலைப்போல 1,000 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஷானனின் விதிப்படி, 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் 1,000 வரும் என்று கண்டு, அந்த எண்ணால் அகலத்தைப் பெருக்க வேண்டும். பத்து முறை பெருக்கினால் 1,024. ஆக ஏறத்தாழ 10. இப்போது 3,100 × 10 = 31,000. விநாடிக்கு 31,000 பிட். இப்படிப்பட்ட லைனில் எவ்வளவு கெட்டிக்காரர் மோடம் செய்தாலும் இதற்கு மேல் பிழையில்லாமல் அனுப்ப முடியாது.

1994-ல் வி.34 என்ற முறை வந்தது. அதன் வேகம் 28,800! காகிதத்தில் போட்ட கணக்கை 46 ஆண்டு கழித்துக் கருவி நெருங்கியது. இரைச்சல் இன்னும் குறைந்த லைன்களுக்காக 1996-ல் அது 33,600 ஆனது. எல்லை எங்கே இருக்கிறது என்று ஷானன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், இன்னும் எவ்வளவு தூரம் முயலலாம் என்று மோடம் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் 'கீ... கர்ர்ர்' சத்தம்

டயல்-அப் மோடம் இணையும்போது எழும் சத்தத்தைப் பற்றி உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வாயாலேயே செய்து காட்டுவார்கள். அது வெறும் இரைச்சல் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு பரிசோதனை.

முதலில் பதில் சொல்லும் மோடம் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஒலி எழுப்பும். எதிரொலி கேட்காமல் இருக்க எக்ஸ்சேஞ்சுகளில் வைத்திருக்கும் கருவிகளுக்கு, 'இப்போது பேசப்போவது மனிதர்கள் இல்லை, கொஞ்சம் ஒதுங்குங்கள்' என்று அது அறிவிக்கிறது. பிறகு வி.34 மோடம் 150 ஹெர்ட்ஸ் முதல் 3,750 ஹெர்ட்ஸ் வரை 21 ஒலிகளை ஒன்றாக அனுப்பும். எந்த ஒலி தேய்ந்து வருகிறது, எங்கே இரைச்சல் அதிகம் என்று மறுமுனை அளந்து பார்க்கும். அதற்கேற்ப எந்த வேகத்தில் பேசலாம் என்று இரண்டும் உடன்படும். தன் குரல் எப்படி எதிரொலித்துத் திரும்புகிறது என்பதையும் ஒவ்வொரு மோடமும் கற்றுக்கொள்ளும். பின்னர் கேட்பதிலிருந்து அந்த எதிரொலியைக் கழித்துவிட்டால், எதிர்ப்பக்கத்தின் குரல் மட்டும் மிஞ்சும். இத்தனையும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ரவுட்டர் வந்தது

மோடத்தால் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளலாம். நம் புதிரில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 5. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மோடமும் ஒரு லைனும் வாங்கினால் கட்டுப்படியாகுமா? ஆகாது. அலுவலகத்துக்கு ஒரு மோடம் போதும். அதோடு ஒரு ரவுட்டர் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கியும் விற்றார்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. சென்னைக் கணினிகள் எல்லாம் 192.168.1 என்று தொடங்கட்டும், திருநெல்வேலிக் கணினிகள் 192.168.2 என்று தொடங்கட்டும். கணினிகள் தகவலைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக உடைத்து அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பக்கத்திலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி இரண்டும் இருக்கும். திருநெல்வேலியில் 192.168.2.4 என்ற கணினி, பக்கத்து மேசையிலுள்ள 192.168.2.5-க்கு ஏதாவது அனுப்பினால் அது கேபிளிலேயே போய்விடும், டெலிபோனுக்கு வேலையில்லை. அதே கணினி 192.168.1.10-க்கு அனுப்பினால், பாக்கெட் ரவுட்டரிடம் வரும். முகவரியைப் பார்த்ததும் இது சென்னைக்கு என்று ரவுட்டருக்குத் தெரியும். உடனே மோடத்திடம் சென்னை எண்ணைக் கொடுத்து டயல் செய்யச் சொல்லும். மறுமுனையில் சென்னை மோடம் எடுக்கும். பாக்கெட் போய்ச் சேரும். கணக்கு எழுதுபவர் ரிசீவரைத் தொடவே வேண்டாம்.

அலுவலகக் கேபிளில் அந்தக் காலத்தில் விநாடிக்கு 1 கோடி பிட் ஓடும். டெலிபோன் லைனில் 28,800. ஏறத்தாழ 350-இல் ஒரு பங்கு! கேபிளில் பாய்ந்து வரும் பாக்கெட்டுகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, லைன் தாங்கும் வேகத்தில் ஒவ்வொன்றாக அனுப்புவதும் ரவுட்டரின் பொறுப்பு.

வீண் பேச்சு வேண்டாம்

அன்றைக்கு வெளியூருக்குப் பேச எஸ்.டி.டி. கட்டணம் அதிகம். இரவில் கட்டணம் குறையும் என்பதால் பத்து, பதினொரு மணிக்குமேல் எஸ்.டி.டி. பூத்களில் கூட்டம் நிற்கும். பகலில் நாள் முழுக்க லைனைத் திறந்து வைத்தால் நிறுவனத்துக்குப் பெரும் செலவு. ஆகவே பேச்சு முடிந்து சில நிமிடம் அமைதியாக இருந்தால் ரவுட்டரே இணைப்பைத் துண்டித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கணினிகள் சும்மா இருப்பதில்லை. அக்காலத்து அலுவலகங்களில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் என்ற மென்பொருள் பரவலாக இருந்தது. அதன் சர்வர்கள், அதாவது மற்ற கணினிகளுக்கு வசதிகளைத் தரும் கணினிகள், 'நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் இந்த வசதிகள் உண்டு' என்று 60 விநாடிக்கு ஒருமுறை எல்லோருக்கும் அறிவிக்கும். உள்ளூர்க் கேபிளில் இது பொருட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பும் ரவுட்டரைத் தட்டி எழுப்பினால் லைனை வைக்கவே முடியாதே! அதனால் எந்த பாக்கெட்டுக்காக டயல் செய்யலாம், எதற்காகச் செய்யக் கூடாது என்று ரவுட்டருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். சர்வர் இடையிடையே, 'கிளைக் கணினியே, இன்னும் இருக்கிறாயா?' என்றும் கேட்கும். அப்போது சென்னை ரவுட்டரே, திருநெல்வேலிக் கணினியின் சார்பில், 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லிவிடும். 600 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு அழைப்பு மிச்சம்.

சிக்கனம் பாக்கெட்டுக்குள்ளும் நுழைந்தது. தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்பவர் 'a' என்று ஒரு விசையைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டியது 1 பைட், அதாவது 8 பிட். ஆனால் முகவரி, வரிசை எண் முதலான முன்விவரங்கள் 40 பைட்! விநாடிக்கு 2,400 பிட் போகும் மோடத்தில் தொடக்க, முடிவுக் குறிகளோடு ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று கொண்டால், 41 பைட் போக ஏறத்தாழ 0.17 விநாடி. விரல் தட்டியதற்கும் திரையில் எழுத்து தோன்றுவதற்கும் நடுவே உணரக்கூடிய தாமதம் வந்துவிடும்.

வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதைக் கூர்ந்து பார்த்தார். ஒரே உரையாடலில் அடுத்தடுத்து வரும் பாக்கெட்டுகளில் முகவரி மாறுவதே இல்லை. வரிசை எண்ணும் சிறிதளவே கூடுகிறது. மாறாததை மறுபடி மறுபடி ஏன் அனுப்ப வேண்டும்? இரு முனை ரவுட்டரும் போன பாக்கெட்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டும், மாறியதை மட்டும் அனுப்புவோம் என்றார். 1990-ல் அவர் வெளியிட்ட முறையில் 40 பைட் முன்விவரம் 3 பைட் வரை சுருங்கியது. 41 பைட்டுக்குப் பதில் 4 பைட். தாமதம் பத்தில் ஒரு பங்கானது. கம்பியும் அதேதான், மோடமும் அதேதான்; எதை அனுப்பத் தேவையில்லை என்று யோசித்ததால் வந்த வேகம் இது.

ரகசியம் கம்பியில் போகாது

சென்னை மோடத்தின் எண் தெரிந்த யாரும் டயல் செய்யலாமே? திருநெல்வேலி ரவுட்டர்தான் அழைக்கிறது என்று சென்னை எப்படி நம்பும்? கடவுச்சொல்லை அனுப்பச் சொன்னால் வழியில் ஒட்டுக்கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். அதற்கும் ஒரு வழி கண்டார்கள்.

இரண்டு ரவுட்டருக்கும் ஒரு ரகசிய எண் முன்பே தெரியும். அது 7 என்று வையுங்கள். சென்னை ரவுட்டர் ஏதோ ஓர் எண்ணை, 23 என்று, அனுப்பும். திருநெல்வேலி அதை ரகசிய எண்ணால் பெருக்கும்: 161. கடைசி இரண்டு இலக்கம் 61-ஐ மட்டும் திருப்பி அனுப்பும். சென்னையும் தானே கணக்குப் போட்டு, 61 வந்தால் கதவைத் திறக்கும். அடுத்த முறை 58 என்று கேட்கும், விடை 06. பழைய விடையைத் திருடி வைத்திருப்பவருக்குப் பயனில்லை. 7 என்ற எண் கம்பியில் போகவே இல்லை, கவனித்தீர்களா? நிஜ ரவுட்டர் போடும் கணக்கு இதைவிட எத்தனையோ மடங்கு சிக்கலானது. விடையைக் கேட்டவர் அதிலிருந்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி அதை அமைத்திருந்தார்கள்.

முன்னே நடந்தவர்கள்

கணினிகளை டெலிபோன் லைனில் இணைக்கும் எண்ணம் திடீரென்று பிறக்கவில்லை. 1965-ல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், தாமஸ் மாரில் என்ற இருவர், அமெரிக்காவின் கிழக்கே மாசசூசெட்ஸில் இருந்த டி.எக்ஸ்-2 கணினியை மேற்கே கலிபோர்னியாவில் இருந்த கியூ-32 கணினியோடு டெலிபோன் லைனில் இணைத்தார்கள். 1969-ல் தொடங்கிய ஆர்பாநெட் என்ற கணினி வலைப்பின்னலும் வாடகைக்கு எடுத்த டெலிபோன் லைன்களில்தான் ஓடியது. அது இணைத்த ஒவ்வோர் இடத்திலும் பாக்கெட்டுக்கு வழி காட்ட ஒரு சிறு கணினி நின்றது. அதுதான் இன்றைய ரவுட்டரின் முன்னோடி.

நம் நாட்டில் 1986-ல் எர்நெட் என்ற கல்வி வலைப்பின்னல் தொடங்கியது. அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. தொடக்கத்தில் டயல்-அப் டெலிபோன் வழியாக மின்னஞ்சல், பிறகு விநாடிக்கு 9,600 பிட் போகும் வாடகை லைன் என்று அது வளர்ந்தது.

புதிருக்கு விடை

இப்போது நம் திருநெல்வேலிக் கிளைக்கு வருவோம். அன்றைய விற்பனைக் கணக்கு 2 லட்சம் பைட் என்று கொள்வோம். தொடக்க, முடிவுக் குறிகளோடு ஒரு பைட்டுக்கு 10 பிட். மொத்தம் 20 லட்சம் பிட். 28,800-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 69 விநாடி. டயல் செய்ய அரை நிமிடம் சேர்த்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கதையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இனிமேல்தான் வருகிறது. 31,000 பிட் என்ற எல்லை செம்புக் கம்பியின் எல்லை இல்லை! எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அந்த 3,400 ஹெர்ட்ஸ் வடிகட்டியால் வந்த எல்லை. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை வரும் கம்பி 10 லட்சம் ஹெர்ட்ஸையும் தாண்டித் தாங்கும். அதைப் புரிந்துகொண்டவர்கள், வடிகட்டிக்கு முன்பாகவே கணினியின் அலைகளைப் பிரித்தெடுக்கும் கருவியை எக்ஸ்சேஞ்சில் வைத்தார்கள். 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது, ஏற்கெனவே போட்டிருந்த அதே டெலிபோன் கம்பியில் விநாடிக்குப் பல லட்சம் பிட் ஓடின. அதே நேரத்தில் போனும் பேச முடிந்தது. ஷானனின் விதி பொய்க்கவில்லை. பட்டையின் அகலம் கூடியது, எல்லையும் கூடியது.

ஒரு வேலை முடியவில்லை என்றால் எங்கே தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பாருங்கள். அளந்தால்தான் அந்தத் தடைக்குள் எவ்வளவு செய்யலாம் என்று தெரியும், அதை எங்கே நகர்த்தலாம் என்றும் தெரியும். மோடம் செய்தவர்களின் பலம் அதுதான்.

செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் இருவர் எதிரெதிரே நில்லுங்கள். வலது கைக்கு நான்கு நிலை: தொடை, இடுப்பு, தோள், தலைக்கு மேல். இடது கைக்கும் அதே நான்கு. இரண்டு கையும் சேர்ந்தால் 16 குறிகள். 0 முதல் 15 வரை எண் கொடுத்து ஓர் அட்டவணை எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குறி காட்ட, மற்றவர் எண்ணை எழுதட்டும். ஒவ்வொரு குறியிலும் நான்கு பிட் போகிறது. இனி பத்து பத்து அடியாக விலகிப் போங்கள். இடுப்பா, தோளா என்று எந்தத் தூரத்தில் சந்தேகம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் நின்றபடியே, கைக்கு இரண்டு நிலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தொடை, தலைக்கு மேல். இப்போது 4 குறிகள்தான். ஒரு குறிக்கு இரண்டு பிட். வேகம் பாதியாகும், ஆனால் பிழை நின்றுவிடும். லைனில் இரைச்சல் கூடினால் மோடமும் இதையேதான் செய்தது.